ஹாத்தோர்ன் கிளப்பின் பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய ஃபுட்டியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குச் செப்டம்பர் கடைசி வந்தால் தலை சுற்றும். இறுதிப் போட்டி வாரத்தின் திங்கட்கிழமை ஒருவர் சிறந்த வீரர் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். சனிக்கிழமை இன்னொருவர் வேறு பதக்கம் வாங்குகிறார். அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக ஒருவரை மேடைக்கு அழைக்கிறது. கடைசியாக வரும் அந்தக் கிளப் விருதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. ஏன் என்பதை நான் நன்கறிந்த ஹாத்தோர்ன் கிளப்பை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், இது எந்தக் கால்பந்து?

நாம் வழக்கமாகக் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டு இல்லை. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய மைதானம், அணிக்கு 18 பேர், நான்கு கால்பகுதிகள். கையால் பந்தைப் பிடிக்கலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம், காலால் உதைக்கலாம். நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போனால் 1 புள்ளி. ஏஎஃப்எல் என்ற தேசிய லீகில் இப்போது 18 கிளப்புகள் ஆடுகின்றன. மெல்போர்ன் நகரின் கிழக்குப் பகுதியில் பிறந்த ஹாத்தோர்ன் 1925-ல் இந்தப் போட்டிக்குள் வந்தது. முதல் கோப்பைக்கு 1961 வரை காத்திருந்தது. இப்போது 13 கோப்பைகள் அதன் கணக்கில் இருக்கின்றன. நிறம் பழுப்பும் பொன்னும், சின்னம் பருந்து.

பெஸ்ட் அண்ட் ஃபேரஸ்ட் என்பது என்ன விருது?

ஒரு பருவம் முழுக்க அந்தக் கிளப்புக்காகச் சிறப்பாக ஆடிய வீரருக்குக் கிளப்பே கொடுக்கும் விருது. ‘மிகச் சிறப்பாகவும் மிக நியாயமாகவும் ஆடியவர்’ என்பது பெயரின் பொருள். ரசிகர்கள் சுருக்கமாக ‘பி அண்ட் எஃப்’ என்பார்கள். தொழில்முறைக் கிளப் முதல் பள்ளிக்கூடத்துப் பின்னால் பயிற்சி எடுக்கும் சிறுவர் அணி வரை எல்லோரிடமும் இந்த வழக்கம் உண்டு. பெரிய கிளப்புகள் தங்கள் விருதுக்கு ஒருவர் பெயரை வைத்திருக்கும். ஹாத்தோர்னில் அது பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம்.

யார் இந்த பீட்டர் கிரிம்மின்ஸ்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

கிரிம்மின்ஸ் ‘ரோவர்’. அதாவது உயரமான ஆட்டக்காரர் தட்டிவிடும் பந்தைக் கீழே இருந்து பொறுக்கிக்கொண்டு ஓடும் சின்ன உருவக்காரர். 1966 முதல் ஹாத்தோர்னுக்காக 176 ஆட்டங்கள் ஆடினார். 1971-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். பிறகு அணித்தலைவரும் ஆனார். அந்த உச்சத்தில்தான் புற்றுநோய் வந்தது.

சிகிச்சை எடுத்துக்கொண்டே 1975 பருவத்தின் கடைசியில் மைதானத்துக்குத் திரும்பினார். ஹாத்தோர்ன் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. தன்னால் ஆட முடியும் என்றார் கிரிம்மின்ஸ். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தேர்வுக்குழு ஆலோசித்து, சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. நார்த் மெல்போர்னிடம் ஹாத்தோர்ன் 55 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அவரை எடுத்திருக்கலாம் என்று இன்றும் வாதாடும் பழைய ரசிகர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த முடிவை எடுத்தவர்களும் அவர்மேல் பிரியம் வைத்தவர்கள்தான். அதனால்தான் அது இவ்வளவு காலம் கழித்தும் ஆறாமல் கிடக்கிறது.

அடுத்த ஆண்டு நோய் முற்றிவிட்டது. 1976 செப்டம்பரில் மறுபடியும் அதே இரண்டு அணிகள் இறுதிப் போட்டியில் மோதின. கிரிம்மின்ஸால் மைதானத்துக்கு வர முடியவில்லை. அவர் அனுப்பிய தந்தியைப் பயிற்சியாளர் ஜான் கென்னடி வீரர்களிடம் வாசித்துக் காட்டினார். இந்த முறை ஹாத்தோர்ன் 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. சக ஆட்டக்காரர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போனார்கள். உடல் உருகிப்போன கிரிம்மின்ஸ் அந்தக் கோப்பையோடு நண்பர்கள் நடுவே இருக்கும் புகைப்படத்தை ஹாத்தோர்ன் ரசிகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, அவர் காலமானார். வயது 28.

கிளப்பின் சிறந்த வீரர் விருதுக்கு அவர் பெயர் வந்தது இப்படித்தான். கிளப்பில் அவரைவிட அதிக கோப்பை, அதிக ஆட்டம், அதிக கோல் கண்டவர்கள் பலர் உண்டு. பெயர் தேர்ந்தபோது யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

வாக்களிப்பது யார்?

பயிற்சியாளர்கள். இந்த விருதின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்த பிறகும் தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளர்களும் வீரர்களின் ஆட்டத்தை அலசி மதிப்பெண் போடுவார்கள். முறை கிளப்புக்குக் கிளப் மாறும். சில இடங்களில் நன்றாக ஆடிய சிலருக்கு மட்டும் மதிப்பெண். சில இடங்களில் உருப்படியாக ஆடிய எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும். பருவத்தின் முடிவில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அதிகம் வாங்கியவருக்குப் பதக்கம்.

மாடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குப் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் இருக்கும். பயிற்சியாளருக்கோ அந்த வாரம் யாருக்கு என்ன வேலை கொடுத்தோம் என்று தெரியும். ‘எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் நிழலாக நில், நீ பந்தைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை’ என்று ஒருவரிடம் சொல்லியிருப்பார். அவர் ஆட்டம் முழுக்க ஏழெட்டு முறைதான் பந்தைத் தொட்டிருப்பார். புள்ளிவிவரப் பட்டியலில் கடைசியில் கிடப்பார். ஆனால் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் ஒரு கோல்கூட அடித்திருக்க மாட்டான். அந்த வேலைக்கு மதிப்பெண் போடத் தெரிந்தவர், அந்த வேலையைக் கொடுத்தவர்தான்.

அப்படியென்றால் பிரவுன்லோ பதக்கம் வேறா?

வேறு. பிரவுன்லோ மொத்த லீகுக்குமான விருது. ஜீலாங் கிளப்பின் நிர்வாகியாக இருந்த சார்லஸ் பிரவுன்லோவின் பெயரில் 1924 முதல் கொடுக்கிறார்கள். முதலில் வாங்கியவர் ஜீலாங்கின் எட்வர்ட் ‘கார்ஜி’ கிரீவ்ஸ். அங்கே வாக்களிப்பவர்கள் மைதான நடுவர்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று பேரைத் தேர்ந்து 3, 2, 1 என்று கொடுப்பார்கள். லீக் சுற்று ஆட்டங்கள் மட்டுமே கணக்கு, நாக் அவுட் ஆட்டங்கள் சேராது.

நடுவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பந்தோடு ஓடுகிறவர்கள், பந்தருகே நடப்பதுதான் அவர்கள் கண்ணில் படும். அதனால் பிரவுன்லோ பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கே போகிறது. 1987-ல் ஹாத்தோர்னின் ரோவர் ஜான் பிளாட்டனும் செயின்ட் கில்டாவின் கோல் மன்னன் டோனி லாக்கெட்டும் அதைச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். லாக்கெட்டைப் போல முன்வரிசையில் நிற்கும் ஒருவர் வாங்குவது அபூர்வம். தடுப்பாட்டக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம்.

அதிக கோல் அடித்தவருக்குக் கிளப் விருது தானாகவே வந்துவிடுமா?

வராது. 1971-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு பீட்டர் ஹட்சன் ஹாத்தோர்னுக்காக 150 கோல் அடித்தார். 1934-ல் பாப் பிராட் வைத்த லீக் சாதனையைச் சமன் செய்தார். கிளப் கோப்பையையும் வென்றது. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது 19 வயது லீ மேத்யூஸுக்குப் போனது.

கோல் அடிப்பவரை ஒதுக்குகிறார்கள் என்றும் அர்த்தம் இல்லை. ஜேசன் டன்ஸ்டல் 1988, 1989, 1992, 1993 என்று நான்கு முறை வாங்கினார். 1992-ல் மட்டும் அவர் அடித்தது 145 கோல். 2008-ல் லான்ஸ் ஃபிராங்க்ளின் 113 கோல் அடித்து, கோப்பையும் வென்று, பதக்கத்தையும் வாங்கினார்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை ஜாஷ் கிப்சன் வென்ற இரண்டு ஆண்டுகள்: 2013, 2015. ஹாத்தோர்ன் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகளை அள்ளிய காலம் அது. அணியில் லூக் ஹாட்ஜ், சாம் மிட்செல், சிரில் ரியோலி, ஜாரிட் ரஃப்ஹெட் என்று ஊரே கொண்டாடும் பெயர்கள். கிப்சன் பின்வரிசைக்காரர். எதிரணி முன்வரிசையை நோக்கிப் பறந்து வரும் பந்தை முஷ்டியால் குத்தி வெளியே தள்ளுவது அவருடைய முக்கிய வேலை. அதற்கு ‘ஸ்பாயில்’ என்று பெயர். தொலைக்காட்சியின் சிறப்புக் காட்சித் தொகுப்பில் அதற்கு இடம் கிடைப்பதே கஷ்டம். அப்பேர்ப்பட்ட அணியில், இரண்டு கோப்பை ஆண்டுகளில், பயிற்சியாளர்கள் அவர் பெயரைத்தான் முதலில் எழுதினார்கள்.

ஜீலாங்கின் மார்க் பிலிகாவ்ஸும் இதே ரகம்தான். தடைதாண்டும் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து ஃபுட்டிக்கு வந்தவர். எந்த இடத்தில் நிறுத்தினாலும் எதிராளியை முடக்குவார். 2015, 2018 இரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கிளப்பின் சிறந்த வீரர் அவர்தான்.

ஆட்டத் தடை வாங்கியவர் இந்த விருதை வெல்லலாமா?

பிரவுன்லோவில் முடியாது. முறைகேடான ஆட்டத்துக்காக ஒரு வாரம் தடை வாங்கினால்கூட அந்த ஆண்டுக்குத் தகுதி போய்விடும். 1997-ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கிறிஸ் கிராண்ட் மற்ற எல்லோரையும்விட அதிக வாக்கு வாங்கினார். ஒரு வாரத் தடை குறுக்கே நின்றது, ஒரு வாக்கு குறைவாக வாங்கிய ராபர்ட் ஹார்வி பதக்கத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு நார்த் மெல்போர்னின் கோரி மெக்கர்னனுக்கும் இதே கதி: வாக்கில் முதலிடத்தைப் பகிர்ந்தும் கை வெறுங்கை. 2022-ல் கார்ல்டனின் பேட்ரிக் கிரிப்ஸுக்கு விதித்த இரண்டு வாரத் தடை மேல்முறையீட்டில் ரத்தாகாமல் இருந்திருந்தால், அந்த ஆண்டு அவர் வென்ற பிரவுன்லோ அவருடையதாக இருந்திருக்காது.

கிளப் விருதில் பொதுவாக இவ்வளவு கண்டிப்பு இல்லை. தடையில் இருக்கும் வாரம் ஆட முடியாது, அந்த வார மதிப்பெண் போய்விடும், அதுவே தண்டனை. 2011-ல் சாம் மிட்செலுக்கு இதுதான் நடந்தது. பிரவுன்லோ வாக்கில் காலிங்வுட்டின் டேன் ஸ்வானுக்கு அடுத்து வந்தும் தகுதி இல்லாதவராக உட்கார்ந்திருந்தார். பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம் மட்டும் அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டின் பிரவுன்லோ அவர் கைக்கு வரவே 2016 ஆகிவிட்டது. 2012-ல் முதலில் வாங்கிய எசெண்டனின் ஜோப் வாட்சன், அந்தக் கிளப்பின் ஊக்கமருந்து விவகாரத்தால் அதை இழந்தார். மிட்செலும் ரிச்மண்டின் டிரென்ட் காச்சினும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கிளப் செய்வதுதான் சரி என்பது என் கட்சி. ஒரு தவறான மோதலுக்கு உரிய தடையை அனுபவித்த பிறகு, மற்ற இருபது வாரங்களின் உழைப்பையும் சேர்த்து அழிப்பது அதிகப்படி.

அதிக முறை வென்றவர் யார்?

ஹாத்தோர்னில் லீ மேத்யூஸ், எட்டு முறை: 1971, 72, 74, 76, 77, 78, 80, 82. இவ்வளவுக்கும் அவர் ஒருமுறைகூட பிரவுன்லோ வாங்கியதில்லை. இன்று வீரர்கள் சங்கம் தரும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. உடம்பால் மோதி ஆடுவதில் இரக்கமில்லாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். 1985-ல் ஜீலாங்குக்கு எதிரான ஆட்டத்தில், பந்து வேறெங்கோ இருந்தபோது நெவில் புரன்ஸை அடித்தார். புரன்ஸின் தாடை உடைந்தது. லீக் அவருடைய வீரர் பதிவையே நான்கு வாரத்துக்கு ரத்து செய்தது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவர் விருது வென்ற ஆண்டுகளில் இது சேராது என்பது உண்மை. அதேபோல், நியாயமான ஆட்டம் என்ற சொல்லைத் தாங்கிய விருதை எட்டு முறை வாங்கியவரின் வரலாற்றில் இதுவும் இருக்கிறது என்பதும் உண்மை.

லீக் முழுக்கப் பார்த்தால் சவுத் மெல்போர்னின் (இன்றைய சிட்னி கிளப்) பாப் ஸ்கில்டன் ஒன்பது முறை தன் கிளப் விருதை வென்றிருக்கிறார். அவர் மூன்று பிரவுன்லோவும் வாங்கியவர். புல்டாக்ஸின் ஸ்காட் வெஸ்ட் ஏழு முறை கிளப் விருது வாங்கினார், பிரவுன்லோ ஒன்றுகூட இல்லை.

பெரிய ஆட்டக்காரராக இருந்தும் வாங்காதவர் உண்டா?

மைக்கேல் டக். ஹாத்தோர்னுக்காக 426 ஆட்டங்கள். 2016-ல் பிரென்ட் ஹார்வி தாண்டும்வரை அதுதான் லீகின் சாதனை. ஏழு கோப்பைகள், அணித்தலைவர் பொறுப்பு. பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம் மட்டும் ஒன்றுகூட இல்லை. பலமுறை இரண்டாமிடத்தில் வந்து நின்றார். மேத்யூஸ், பீட்டர் நைட்ஸ், டெர்ரி வாலஸ், டன்ஸ்டல் என்று வரிசையாக ஆட்கள் இருந்த கிளப்பில் பிறந்த சங்கடம் அது. வேறு பல கிளப்புகளில் ஆடியிருந்தால் அவர் வீட்டு அலமாரி நிறைந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிளப்பை விட்டுப் போகப் போகிறவருக்கும் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், கொடுத்திருக்கிறார்கள். விருது இரவும் வீரர் பரிமாற்றக் காலமும் அடுத்தடுத்து வருவதால் இந்தத் தர்மசங்கடம் அடிக்கடி நேரும். 2016-ல் சாம் மிட்செல் ஐந்தாவது முறையாகப் பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம் வாங்கினார். கொஞ்ச நாளில் வெஸ்ட் கோஸ்ட் கிளப்புக்குப் போய்விட்டார். அப்போது நொந்துபோகாத ஹாத்தோர்ன் ரசிகர் இல்லை. பிற்பாடு அதே மிட்செல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது மதிப்பெண் போடும் இடத்தில் இருக்கிறார்.

அடிலெய்டிலும் அப்படித்தான். 2015-ல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் ஜீலாங்குக்குப் போவது தெரிந்த நிலையிலும் அந்தக் கிளப்பின் மால்கம் பிளைட் பதக்கம் அவருக்கே போனது. ஆடிய ஆட்டத்துக்கு மதிப்பெண் போட்டாயிற்று, போகிறார் என்பதற்காக அதைக் குறைக்க முடியாது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்ற கிளப்புகளில் இதன் பெயர் என்ன?

காலிங்வுட்டில் கோப்லண்ட் கோப்பை. நீண்டகாலச் செயலாளர் எர்ன் கோப்லண்டின் பெயர். 1927-ல் முதலில் வென்றவர் சிட் கவன்ட்ரி. ஜீலாங்கில் கார்ஜி கிரீவ்ஸ் பதக்கம், சிட்னியில் பாப் ஸ்கில்டன் பதக்கம், ரிச்மண்டில் ஜாக் டையர் பதக்கம், கார்ல்டனில் ஜான் நிக்கல்ஸ் பதக்கம். மெல்போர்ன் கிளப்பின் விருது கீத் ‘புளூயி’ டிரஸ்காட் பெயரில் இருக்கிறது. 1939, 1940 கோப்பை அணிகளில் ஆடிய அவர், போர் விமானியாகி 1943-ல் இறந்தார்.

பெண்கள் அணிக்கும் உண்டா?

உண்டு. ஹாத்தோர்ன் பெண்கள் அணி 2022-ல் ஏஎஃப்எல்டபிள்யூ லீகில் சேர்ந்தது, அவர்களுக்குத் தனியாகச் சிறந்த வீராங்கனை விருது கொடுக்கிறார்கள். மொத்தப் பெண்கள் லீகுக்குமான விருது 2017-ல் தொடங்கியது. அதை முதலில் வாங்கியவர் அடிலெய்டின் எரின் ஃபிலிப்ஸ்.

என் பிள்ளை உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான். அங்கே எப்படி நடக்கும்?

மெல்போர்ன், சிட்னி பக்கம் குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. உள்ளூர் கிளப்புகளில் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரோ, அவர் நியமித்த ஒருவரோ அன்றைய சிறந்தவர்கள் சிலரின் பெயரை எழுதி மூடி வைத்துவிடுவார். பருவ முடிவில் விருது இரவில் எண்ணுவார்கள். மிகச் சிறிய குழந்தைகளின் பிரிவுகளில் இப்படி வாக்கெடுப்பு வைக்காமல் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கொடுத்து அனுப்புவதே வழக்கம்.

பருவத் தொடக்கத்திலேயே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வாக்குப் போடுவது யார்? லீக் நடத்தும் விருதுக்கும் கிளப் விருதுக்கும் தனித்தனி வாக்கா? உள்ளூர் லீக் விருதில் பெரும்பாலும் நடுவர்கள்தான் வாக்களிப்பார்கள், தடை வாங்கினால் தகுதி போகும். கிளப் விருதில் பயிற்சியாளர் கண்.

அப்புறம் இன்னொன்று. பிள்ளை பின்வரிசையில் நிற்கிறான், பந்தே வரவில்லை என்று வருத்தப்படும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். அவனுக்கு இந்த வாரம் என்ன வேலை கொடுத்தீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் கவனியுங்கள். நீங்களே மதிப்பெண் போடலாம்.